வெவ்வேறு கம்பெனி ரவுட்டர்கள், ஒரே வைஃபை: ஒரு வீட்டு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவரின் வீடு. கீழ்த்தளம், மேலே ஒரு மாடி. இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ஃபைபர் மோடம் வாசல் பக்க அறையில் இருக்கிறது. ரவுட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். ஆனால் வேலை நடப்பது மாடியின் பின்பக்க அறையில். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர், போதாக்குறைக்கு ஒரு இரும்பு பீரோ. வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டு வரும், முகம் அப்படியே உறைந்து நிற்கும். நண்பரின் அம்மா பிரச்சினையை ஒரே வரியில் சொன்னார்: "மாடிக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்குது தம்பி."

சிக்னலை அளக்கும் செயலியைப் போனில் போட்டு நடந்து பார்த்தோம். மோடத்தின் பக்கத்தில் -40 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது) காட்டியது, பிரமாதம். மாடி அறையில், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ் -77க்கு இறங்கியிருந்தது; மற்றொன்றான 5 கிகாஹெர்ட்ஸ் வருவதும் போவதுமாக இருந்தது. தடங்கலில்லாத வீடியோ அழைப்புக்கு -67 அளவிலாவது சிக்னல் வேண்டும் என்பது துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட்டையும் செங்கல்லையும் தாண்டும்போது 2.4ஐவிட அதிகமாக வலு இழக்கும் என்பதால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

வீட்டில் சும்மா கிடந்த ஒரு ரவுட்டர் இருந்தது. வேறு கம்பெனி, கொஞ்சம் பழசு, ஆனால் இரண்டு அலைவரிசையும் உண்டு, கிகாபிட் போர்ட்டுகளும் (நொடிக்கு 1000 மெகாபிட் தாங்கும் கேபிள் துளைகள்) உண்டு. அதை மாடியில் வைத்து வைஃபையை நீட்ட வேண்டும். நண்பர் ஏற்கெனவே சில முறைகளை முயன்று சலித்திருந்தார். "ரெண்டும் வேற வேற கம்பெனி, ஒத்துப்போகாது போல" என்பது அவர் முடிவு. அது பாதி உண்மை. எந்த இடத்தில் ஒட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதே இரண்டு பெட்டிகள் ஒத்துப்போகும், அல்லது முறைத்துக்கொண்டு நிற்கும். அவர் முயன்றவற்றை வரிசையாகப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

டபிள்யூ.டி.எஸ். ஏன் கைவிட்டது

பழைய ரவுட்டரின் மெனுவில் டபிள்யூ.டி.எஸ். என்று ஒரு வசதி இருந்தது. இரண்டு ரவுட்டர்களைக் கம்பி இல்லாமல் இணைப்பதற்கானதுதான் அது. நண்பர் அதைத் திறந்து, கீழ்த்தள வைஃபையைத் தேடி, பாஸ்வேர்டு கொடுத்தார். "இணைக்கப்பட்டது" என்று வந்தது. ஆனால் மாடியில் எந்தச் சாதனத்துக்கும் நெட் இல்லை. மடிக்கணினியின் ஐ.பி. முகவரியைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கியது. இந்த எண்ணைப் பார்த்தால் உடனே ஒன்று புரிந்துகொள்ளலாம்: முகவரி கொடுங்கள் என்று கணினி கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் அது தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டிருக்கிறது.

பதில் ஏன் வரவில்லை? சாதாரணமாகப் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே பறக்கும் ஒவ்வொரு வைஃபை ஃபிரேமிலும் (தகவல் பொட்டலத்திலும்) மூன்று முகவரிகள் பயன்படும். இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே, பின்னால் இருக்கும் சாதனங்களுக்காகச் சரக்கு சுமக்கும்போது மூன்று போதாது. அனுப்பும் ரேடியோ, வாங்கும் ரேடியோ, உண்மையில் அனுப்பியவர், உண்மையில் பெற வேண்டியவர் என்று நான்கு வேண்டும். வைஃபைக்கான 802.11 தரநிலை இந்த நான்கு முகவரி வடிவத்தை வரையறுத்தது. ஆனால் இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுகொள்வது, குறியாக்கச் சாவியை எப்படிப் பேசி முடிப்பது என்பதை அது வகுத்துத் தரவில்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வழியில் நிரப்பிக்கொண்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே சிப் என்றால் டபிள்யூ.டி.எஸ். ஓடும். கம்பெனி மாறினால் ஓடினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இங்கே கீழ்த்தள மோடத்தில் டபிள்யூ.டி.எஸ். மெனுவே கிடையாது. அதன் பார்வையில் மாடி ரவுட்டர் இன்னொரு போன், அவ்வளவுதான். அந்த ஒரு சாதனத்தோடு மட்டும் பேசும். அதன் பின்னால் இருக்கும் மடிக்கணினி யாரென்று அதற்குத் தெரியாது. அதனால்தான் இணைப்பு விளக்கு எரிந்தும் தகவல் நகரவில்லை. மணிக்கணக்கில் செட்டிங்கை மாற்றினாலும் இது தீராது.

ரிப்பீட்டர்: ஓடியது, ஆனால்

அடுத்து அவர், வரும் வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் முறைக்குப் போயிருந்தார். இது எந்தக் கம்பெனி ரவுட்டரோடும் ஒத்துப்போகும். காரணம், ரிப்பீட்டர் கீழ்த்தள ரவுட்டரிடம் எந்தச் சலுகையும் கேட்பதில்லை. தன்னை ஒரு சாதாரண வாடிக்கையாளராகவே காட்டிக்கொண்டு, தன் பின்னால் இருக்கும் எல்லாச் சாதனங்களின் மேக் முகவரியையும் (சாதனத்தின் நெட்வொர்க் வன்பொருளுக்கு உள்ள அடையாள எண்) தன்னுடையதாக மாற்றி அனுப்புகிறது. பதில் வரும்போது ஐ.பி. முகவரியைப் பார்த்து உரியவருக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

இந்தத் தந்திரத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. கீழ்த்தள ரவுட்டரின் பட்டியலில் மாடியில் உள்ள எல்லோரும் ஒரே மேக் முகவரியில் தெரிந்தார்கள். குழந்தையின் டேப்லெட்டுக்கு இரவு நேரத் தடை போடலாமென்று அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். இரவு ஒன்பதுக்கு டேப்லெட்டோடு சேர்ந்து நண்பரின் அலுவலக மடிக்கணினியும் அணைந்தது போல ஆகிவிட்டது. ரவுட்டர் சொன்னதைத்தான் செய்தது. அந்த மேக் முகவரியைத் தடை செய்யச் சொன்னார்கள், அது தடை செய்தது.

வேகமும் பாதிக்கு மேல் போனது. ஒரே ரேடியோ, ஒரே சானலில் ஒரு பொட்டலத்தைக் கீழிருந்து வாங்கி, அதையே மறுபடி மேலே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை நேரம் எடுக்கிறது என்பதால் வேகம் பாதியாவது கணக்குப்படியே சரி. இரண்டு அலைவரிசை உள்ள பெட்டியில் ஒன்றைக் கீழே பேசுவதற்கும் மற்றொன்றை மேலே உள்ளவர்களுக்குமாகப் பிரித்துக் கொடுத்தால் இந்த இழப்பைக் குறைக்கலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு ரிப்பீட்டர் இருந்த இடம். சிக்னல் கிடைக்காத அதே அறையில் அதை வைத்திருந்தார்கள். போனில் முழுக்கோடு காட்டும், ஏனென்றால் பெட்டி மேசைமேல் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கே கீழிருந்து -77தான் வருகிறது. இல்லாத தண்ணீரைத் தொட்டியில் எப்படி நிரப்புவது? ரிப்பீட்டரை வைப்பதென்றால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வைக்க வேண்டும்; இந்த வீட்டில் அது மாடிப்படித் திருப்பம். அங்கே மாற்றி வைத்ததுமே பெரிய முன்னேற்றம் தெரிந்தது. வாடகை வீடு, சுவரைத் தொடக்கூடாது என்ற நிலை இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். குறை சொல்ல முடியாத தீர்வுதான்.

இங்கே சுவருக்குள் பழைய தொலைபேசிக் கம்பி போன குழாய் காலியாகவே இருந்தது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது, லேன் கேபிளை இழுத்துவிட்டோம்.

கேபிள் எந்தக் கம்பெனியையும் கேட்பதில்லை

ஈதர்நெட்டின் அழகு இதுதான். எந்தப் பெட்டியில் செருகினாலும் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று அது விசாரிப்பதில்லை. கேட் 5இ தரக் கேபிளிலேயே 100 மீட்டர் தூரம்வரை ஒரு கிகாபிட் வேகம் போகும். வீட்டுக்குள் அந்தத் தூரம் வரப்போவதில்லை.

கேபிள் போட்டதும் வேகத்தைச் சோதித்தால் 94 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) தாண்டவில்லை. இந்த எண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: இணைப்பு கிகாபிட்டில் ஏறவில்லை, 100இல் நிற்கிறது. கேபிளுக்குள் எட்டு இழைகள். 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று சரியாகத் தொடவில்லை என்றாலும் சில பெட்டிகள் 100க்கு இறங்கி ஓடும், சில இணையவே இணையாது. கனெக்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். கடைசியில் வர வேண்டிய பழுப்பு இழை முனைவரை போகாமல் பாதியிலேயே நின்றிருந்தது. ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் எட்டையும் ஒரே மட்டமாக நறுக்கி, மறுபடி கிரிம்ப் செய்ததும் (கனெக்டரை இழைகளோடு அழுத்திப் பொருத்தியதும்) கிகாபிட் வந்துவிட்டது. வேகம் 94, 95 என்று முட்டி நிற்கிறதா, ரவுட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் கனெக்டரைச் சந்தேகியுங்கள். ஒரு முனையில் 100 மட்டுமே தாங்கும் போர்ட் இருந்தாலும் இதே எண்தான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளை மாடி ரவுட்டரின் எந்தப் போர்ட்டில் செருகுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நண்பர் இயல்பாகவே வான் போர்ட்டில் செருகினார். இணையம் என்று எழுதியிருக்கும் போர்ட் அதுதானே. நெட்டும் வந்தது, அதனால் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் மாடியிலிருந்து கீழே இருக்கும் பிரிண்டர் கிடைக்கவில்லை, மாடிப் போனிலிருந்து கீழ்த்தள டிவிக்கு வீடியோ போகவில்லை.

வான் போர்ட்டில் செருகினால் மாடி ரவுட்டர் தன் முழு வேலையையும் செய்யத் தொடங்கிவிடும்: தனியாக முகவரி வழங்கும், தனியாக முகவரி மாற்றம் செய்யும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை நடுவில் வைக்கும். கீழே 192.168.1 தொடர், மேலே 192.168.0 தொடர் என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க். பிரிண்டர்களும் டிவிகளும் தங்களை அறிவிக்கப் பயன்படுத்தும் எம்.டி.என்.எஸ். செய்திகள் 224.0.0.251 என்ற குழு முகவரிக்குப் போகும். அவை ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால் மாடியிலிருந்து பிரிண்டரின் ஐ.பி. எண்ணை உலாவியில் தட்டினால் அதன் பக்கம் திறந்தது. பெயரால் தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. கீழிருந்து மேலே போவதானால் எண்ணைத் தட்டினாலும் வழியில்லை. இரண்டு பெட்டியும் ஒரே 192.168.1 தொடரில் இருந்திருந்தால் நெட்டே வந்திருக்காது, பிரச்சினை அன்றே தெரிந்திருக்கும். நெட் வந்ததுதான் ஏமாற்றியது.

ரவுட்டரை ரவுட்டராக இருக்கவிடாமல்

நமக்கு மாடியில் வேண்டியது ரவுட்டர் கிடையாது. கேபிளில் வருவதைக் காற்றில் விட ஒரு ஆக்சஸ் பாயின்ட் போதும். சில பெட்டிகளில் அதற்கென்றே ஆக்சஸ் பாயின்ட் மோடு இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இந்தப் பழைய பெட்டியில் அது இல்லை. கையால் செய்தோம், எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் இப்படிச் செய்யலாம்.

கீழ்த்தள மோடம் 192.168.1.1. முதலில் அதன் டி.எச்.சி.பி. (சாதனங்களுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் வசதி) வழங்கும் எல்லையை 192.168.1.100இலிருந்து தொடங்குமாறு மாற்றினோம். அப்போதுதான் அதற்குக் கீழுள்ள எண்கள் நம் கையில் இருக்கும். பிறகு மாடிப் பெட்டியை மோடத்தோடு சேர்க்காமல், மடிக்கணினியோடு மட்டும் கேபிளில் இணைத்து, அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கினோம். பெட்டி ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். புதிய முகவரியில் மறுபடி லாகின் செய்து, வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அமைத்து, கடைசி வேலையாக டி.எச்.சி.பி.யை அணைத்தோம். வரிசை முக்கியம். டி.எச்.சி.பி.யை முதலில் அணைத்துவிட்டால் மடிக்கணினிக்கு முகவரி கொடுக்க ஆளில்லாமல் போய், கணினியில் கையால் ஐ.பி. போட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்ததும் மேலே வரும் கேபிளை, வீட்டுச் சாதனங்களுக்கான லேன் போர்ட் ஒன்றில் செருகினோம். வான் போர்ட் காலி.

இந்த நிமிடத்தில் மாடிப் பெட்டி, கேபிள்களை இணைக்கும் ஒரு சுவிட்ச்சும் ரேடியோவும் மட்டுமே. வீடு முழுக்க ஒரே நெட்வொர்க், முகவரி கொடுப்பவர் ஒருவர். பிரிண்டர் வந்துவிட்டது, டிவி வந்துவிட்டது.

பெட்டியின் பின்புறம் 192.168.1.2 என்று எழுதிய ஒரு சீட்டை ஒட்டச் சொன்னேன். ரீசெட் பொத்தானை என்றாவது யாராவது அழுத்திவிட்டால் டி.எச்.சி.பி. மறுபடி உயிர்பெறும். அப்போது ஒரே நெட்வொர்க்கில் முகவரி கொடுக்க இரண்டு பேர். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்ததை சாதனம் வாங்கிக்கொள்ளும். சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது, அணைத்துப் போட்டால் ஆட்கள் மாறும். காரணம் தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டையே முடக்கிய ஒரு டிக்

இதற்கு நடுவில் ஒரு சிறு கலவரம். கேபிளைச் செருகிய சில நொடிகளில் மொத்த வீட்டுக்கும் நெட் நின்றது. இரண்டு பெட்டிகளிலும் லேன் விளக்குகள் இடைவெளியே இல்லாமல் படபடவென்று அடித்துக்கொண்டன. சும்மா இருக்கும் நெட்வொர்க்கில் விளக்கு அப்படி அடிக்காது. எங்கோ சுற்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பு ரிப்பீட்டராக இருந்தபோது போட்ட கம்பியில்லா பிரிட்ஜ் (இரண்டு பெட்டிகளைக் காற்றில் இணைக்கும் அமைப்பு) டிக், 5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இன்னும் அப்படியே இருந்தது. ஆக இரண்டு பெட்டிக்கும் நடுவே கேபிளில் ஒரு பாதை, காற்றில் ஒரு பாதை. எல்லோருக்குமாக அனுப்பப்படும் பிராட்காஸ்ட் செய்தி ஒரு பாதையில் போய் மறு பாதையில் திரும்பி, மறுபடி போய்க்கொண்டே இருக்கும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது என்பதால் அது தானாகச் சாவதில்லை. அலுவலகச் சுவிட்ச்சுகளில் இதைத் தடுக்க எஸ்.டி.பி. என்ற சுற்றுத் தடுப்பு முறை இருக்கும்; வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இருக்காது, அல்லது அணைந்திருக்கும். டிக்கை எடுத்ததும் அமைதி.

ஒரே பெயர், வேறு சானல்

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு பெட்டியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பாதுகாப்பு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கீழ்த்தள மோடம் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த நிலையில் இருந்தது. பழைய பெட்டிக்கு 3 தெரியாது. பெயர் ஒன்று, பாதுகாப்பு வேறு என்றால் சில சாதனங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத் தயங்கும். இரண்டையும் டபிள்யூ.பி.ஏ.2, குறியாக்கம் ஏ.இ.எஸ். என்று வைத்தோம். பழைய பெட்டியில் டி.கே.ஐ.பி. என்ற பழைய குறியாக்கம் தேர்வாகியிருந்தது. அதை விட்டுவைத்தால் வைஃபை வேகம் 54 எம்.பி.பி.எஸ். என்ற பழங்காலத்துக்கே போய்விடும், ஏனென்றால் 802.11என் முதலான வேகங்களை அந்தக் குறியாக்கத்தோடு சேர்த்துப் பயன்படுத்தத் தரநிலை இடம்கொடுக்கவில்லை.

சானல் மட்டும் வேறு வேறாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1, மேலே 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை ஒரு தொகுதி, அதைக் கீழே கொடுத்தோம். மேலே 149. ரேடார் பயன்படுத்தும் நடுச் சானல்களைத் தொடவில்லை. அவற்றில் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச முடியும், ரேடார் சிக்னல் தென்பட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

அப்படியும் ஒரு குறை. கீழிருந்து போனோடு மாடிக்குப் போனால் போன் கீழ்த்தள ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தது. எந்த ரவுட்டரோடு இருப்பது என்ற முடிவு போனுடையது, ரவுட்டருடையது இல்லை. ஐபோன்கள் சிக்னல் -70 டிபிஎம் அளவுக்கு இறங்கிய பிறகுதான் வேறு இடம் தேடத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கீழ்த்தள மோடத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வலுவைக் குறைத்தோம். வலு பாதியானால் 3 டெசிபல்தான் குறையும், ஆகவே ஒரு படி குறைத்தால் போதாது, இரண்டு மூன்று படி இறக்க வேண்டியிருந்தது. வைஃபை நன்றாக இருக்க வேண்டுமென்று வலுவைக் குறைப்பது நண்பருக்கு விசித்திரமாகப் பட்டது. கீழ்த்தள சிக்னல் மாடிப்படியிலேயே தேய்ந்துவிட்டால் போன் சீக்கிரம் கையை விடும், அதற்குத்தான்.

மெஷ் வாங்கியிருந்தால்?

நண்பர் கடைசியாகக் கேட்டது இது. மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு) என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை ஒரு கம்பெனியின் குடும்பத்துக்குள் மட்டும் வேலை செய்பவை. அசூஸின் ஏஐமெஷ் அசூஸ் ரவுட்டர்களுக்கு, டிபி-லிங்கின் ஒன்மெஷ் டிபி-லிங்க் சாதனங்களுக்கு. கம்பெனி கடந்து சேர்வதற்காக, வைஃபை சாதனங்களுக்குச் சான்று தரும் அமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈஸிமெஷ் சான்றிதழைக் கொண்டுவந்தது. இரண்டு பெட்டியிலும் அந்தச் சான்று இருந்தால் ஒன்று கட்டுப்படுத்தியாகவும் மற்றது முகவராகவும் சேர முடியும். இங்கே இரண்டிலுமே இல்லை.

போன் ஒரு ரவுட்டரிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை வேகப்படுத்த 802.11கே, வி, ஆர் என்று மூன்று தரநிலைகள் உண்டு. கேயும் ஆரும் 2008, வி 2011. இவற்றில் ஆர், பெட்டிகள் தங்களுக்குள் சாவி விவரங்களில் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வெவ்வேறு கம்பெனியின் வீட்டு ரவுட்டர்கள் இயல்பாக அதைச் செய்வதில்லை. இரண்டு பெட்டியிலும் ஓபன்டபிள்யூஆர்டி ஃபர்ம்வேரை (ரவுட்டரை இயக்கும் மாற்று மென்பொருளை) ஏற்ற முடிந்தால் கம்பெனி வேறானாலும் இதை இயக்கலாம், 802.11எஸ் மெஷ்கூடக் கட்டலாம். ஆனால் இணைய நிறுவனத்தின் மோடத்தில் கைவைக்க முடியாது என்பதால் அந்த வழியும் இங்கே மூடியிருந்தது. ஆர் இல்லாமலே இங்கே நிலைமை மோசமில்லை. பேசிக்கொண்டே படியேறினால் ஒரு வார்த்தை விழுங்கப்படும், அழைப்பு அறுந்துபோவதில்லை.

இன்றைய நிலவரம்: மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் -48 காட்டுகிறது. விருந்தாளி வைஃபையைக் கீழ்த்தள மோடத்தில் மட்டும் விட்டிருக்கிறோம். ஆக்சஸ் பாயின்டாக மாறிய பழைய ரவுட்டரில் அதை இயக்கினால், வந்தவரை வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைக்கும் தடுப்பு வேலை செய்யும் என்று நம்ப முடியாது. நாளைக்கு இணைய நிறுவனம் மோடத்தை மாற்றினாலும் மாடிப் பெட்டியைத் தொட வேண்டியதில்லை. புதிய மோடத்தின் முகவரி 192.168.1.1, வழங்கும் எல்லை 100இலிருந்து, அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டு, டபிள்யூ.பி.ஏ.2, சானல்கள் 1, 36, குறைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வலு என்று மட்டும் அமைத்தால் போதும். இந்த விவரத்தையும் அதே சீட்டில் எழுதிவைத்திருக்கிறார் நண்பர்.